யோசேப்பு எப்போது வெற்றி பெற்றான்?

வேதாகமத்தில் யோசேப்பின் கதையை ஒரு தடவையாவது கேட்டவர்களிடம், "அவன் எப்போது வெற்றி பெற்றான்?" என்று கேட்டுப் பாருங்கள். பார்வோன் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் போட்டு, எகிப்து தேசம் முழுவதற்கும் அதிகாரியாக்கினானே, அந்த நாளைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை அரண்மனையில் போய்த்தானே முடிந்தது.

ஆனால் ஆதியாகமம் அந்த வார்த்தையை வைத்திருக்கும் இடம் வேறு. 39 ஆம் அதிகாரத்தின் 2 ஆம் வசனம் இப்படிச் சொல்கிறது: "கர்த்தர் யோசேப்போடே இருந்தார், அவன் காரியசித்தியுள்ளவனானான்." காரியசித்தி என்றால் எடுத்த காரியம் கைகூடுவது. சரி, இந்த வாக்கியம் எழுதப்படும் நேரத்தில் யோசேப்பு யார்? சொந்த அண்ணன்கள் கைவிட, 20 வெள்ளிக்காசுக்கு விலைபோன பையன். போத்திபார் என்கிற அதிகாரியின் வீட்டில் அடிமை. அப்பா ஆசையாய்ச் செய்து கொடுத்த பலவருண அங்கியும் போய்விட்டது.

அதிகாரத்தின் கடைசி வசனத்துக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். பொய்க் குற்றச்சாட்டில் சிறைக்குள் கிடக்கிறான். அங்கேயும் அதே பேச்சு: கர்த்தர் அவனோடே இருந்தார், அவன் செய்ததைக் கர்த்தர் வாய்க்கப்பண்ணினார். இந்த ஒரே அதிகாரத்தில் கர்த்தர் அவனோடு இருந்தார் என்கிற செய்தி நான்கு முறை வருகிறது. இரண்டு முறை அடிமை வீட்டில், இரண்டு முறை சிறையில். கதை தொடங்கும்போது அவனுக்கு வயது 17, பார்வோனுக்கு முன் போய் நிற்கும்போது 30. இடையில் உள்ள வருடங்களை நாம் தோல்விக் கணக்கில் எழுதுகிறோம். வேதாகமம் அந்த வருடங்களுக்குள் வைத்துத்தான் அவனைக் காரியசித்தியுள்ளவன் என்கிறது.

கிறிஸ்தவ நம்பிக்கையில் வெற்றி என்றால் என்ன என்று புதிதாக யோசிக்கிறவருக்கு நான் இந்த அதிகாரத்தைத்தான் முதலில் வாசிக்கக் கொடுப்பேன். பதவி, சம்பளம், நல்ல பெயர், போக வர சுதந்திரம் எதுவுமே இல்லாத ஒருவனைப் பற்றி இப்படிச் சொல்ல முடிகிறதென்றால், அந்தச் சொல்லுக்கு அங்கே நாம் பழகிய அர்த்தம் இருக்க முடியாது.

வாய்த்தல் என்ற சொல்

தமிழ் வேதாகமம் இந்த இடங்களில் "வாய்க்கும்" என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. எபிரெய மூலத்தில் ட்சாலாக் என்ற வினைச்சொல். மொழிபெயர்த்தவர்கள் தேர்ந்தெடுத்த தமிழ்ச் சொல் எவ்வளவு பொருத்தமானது என்று யோசித்தால் மனம் நிறைகிறது.

வெற்றி என்ற சொல் வெல்லுதலிலிருந்து வருகிறது. வெல்ல வேண்டுமென்றால் எதிரே ஒருவர் இருக்க வேண்டும், அவர் தோற்க வேண்டும். வாய்த்தல் அப்படிப்பட்டதில்லை. நல்ல மழை வாய்த்தது, நல்ல நண்பன் வாய்த்தான் என்கிறோம். அங்கே யாரும் தோற்கவில்லை. உழைப்பு தேவைப்பட்டிருக்கலாம், காத்திருப்பு தேவைப்பட்டிருக்கலாம். ஆனாலும் வாய்த்தது என்று சொல்லும்போதே, இது முழுக்க என் கையால் ஆனதல்ல, எனக்குக் கிடைத்தது என்கிற நன்றி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் வெற்றியைப் பார்க்கும் விதத்தின் பாதி இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. மீதிப் பாதி, யாருடைய நோக்கம் வாய்க்கிறது என்பது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெற்றியைப் பற்றிப் பேசும் பிரசங்கங்களில் அதிகம் எடுத்தாளப்படும் வசனம் யோசுவா 1:8. மோசே இறந்துவிட்டார். ஒரு பெரிய ஜனக்கூட்டத்தை நடத்தும் பொறுப்பு யோசுவாவின் தலையில் விழுகிறது. அப்போது தேவன் சொல்கிறார்: நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசே தந்த சட்டத்தை, இரவும் பகலும் தியானி, அதில் எழுதியிருக்கிறபடி செய், "அப்பொழுது நீ உன் வழியை வாய்க்கப்பண்ணுவாய், அப்பொழுது புத்திமானாயும் நடந்துகொள்ளுவாய்." பல மொழிபெயர்ப்புகள் இந்த வசனத்தின் கடைசிப் பகுதியை வெற்றி பெறுவாய் என்ற பொருளில் தருகின்றன. தமிழில் "புத்திமானாய் நடந்துகொள்ளுவாய்" என்று இருக்கிறது. மூலத்தில் உள்ள சாகல் என்ற வினைக்கு இரண்டு அர்த்தமும் உண்டு: விவேகமாய் நடப்பது, அதனால் காரியம் கைகூடுவது. எபிரெயர்களுக்கு இவை இரண்டு தனித்தனி விஷயங்களாகத் தோன்றவில்லை போலும். குறுக்கு வழியில் போய்ப் பிடித்ததை அவர்கள் இந்தச் சொல்லால் அழைத்திருக்க மாட்டார்கள்.

வசனத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். "உன் வழி" என்றுதான் இருக்கிறது. போய்ச் சேரும் இடத்தைவிட நடக்கும் விதத்தின் மேல் அங்கே கண் இருக்கிறது. முதலாம் சங்கீதமும் இதையேதான் ஒரு மரத்தை வைத்துச் சொல்கிறது. நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்ட மரம், "தன் காலத்தில் தன் கனியைத் தந்து" நிற்கிறது. எந்த மரமும் வருடம் முழுவதும் காய்ப்பதில்லை. பழம் இல்லாத மாதங்களிலும் அதன் வேர் தண்ணீரில்தான் இருக்கிறது. இலை உதிரவில்லை. அப்படிப்பட்ட மனிதன் "செய்வதெல்லாம் வாய்க்கும்" என்று சங்கீதம் சொல்கிறது.

வாக்குத்தத்தம் சூத்திரமாகும்போது

இங்கேதான் ஒரு பெரிய தவறு நடக்கிறது. நல்லவனாய் நடந்தால், ஜெபித்தால், காணிக்கை கொடுத்தால், பணமும் சுகமும் பதவியும் தானாக வந்து சேரும் என்று இந்த வசனங்களைச் சூத்திரமாக மாற்றிவிடுகிறார்கள். சபையில் ஆசீர்வாதம் என்ற சொல்லே வீடு, வாகனம், வெளிநாட்டு வேலை என்ற அளவுக்குச் சுருங்கிப்போன இடங்கள் உண்டு. சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் எல்லோரும் கேட்டது கிடைத்தவர்களாகவே இருப்பார்கள். கிடைக்காதவர் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். ஒரு காலத்தில் எனக்கு வேலை போய், மாதக்கணக்கில் வேறு வேலை அமையாமல் இருந்தபோது, நன்றாகத் தெரிந்த ஒருவரே "உன் ஜெப வாழ்க்கையில் ஏதோ குறை இருக்கிறது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கற்றுக்கொண்ட சூத்திரம் அப்படி. அந்த வார்த்தை எத்தனை நாள் தூங்கவிடாமல் செய்தது என்பது எனக்குத்தான் தெரியும். அதனால்தான் இந்த விஷயத்தை விளக்கிச் சொல்வதில் எனக்கு இத்தனை அக்கறை.

வேதாகமமே அந்தச் சூத்திரத்தை உடைக்கிறது. எரேமியா என்ற தீர்க்கதரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். யோசியா ராஜாவின் 13 ஆம் ஆண்டில் தொடங்கி எருசலேம் அழிந்துபோகும் வரைக்கும், சுமார் 40 வருடம் தேவனுடைய வார்த்தையைச் சொன்னவர். இடையில் ஒரு சமயம் அவரே கணக்குச் சொல்கிறார்: 23 வருடமாய்ப் பேசிவருகிறேன், நீங்கள் கேட்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல பாருக் என்கிற உதவியாளர் எழுதிய சுருளை, யோயாக்கீம் ராஜா பேனாக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். அவரையே சேறு நிறைந்த துரவில் கயிறு கட்டி இறக்கிவிட்டார்கள். எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் இது தோல்வி. அவருக்கே அந்த வலி இருந்தது. "ஆகாதவர்களின் வழி வாய்க்கிறதென்ன?" என்று தேவனிடமே வழக்காடுகிறார். யோசேப்பின் கதையில் வந்த அதே வாய்த்தல்தான் இங்கே கெட்டவர்களின் பக்கத்தில் நிற்கிறது! ஆக, காரியம் கைகூடுவது மட்டுமே ஒருவன் தேவனுக்குப் பிரியமானவன் என்பதற்கு அத்தாட்சி ஆகாது என்று வேதாகமம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது.

எரேமியா 29:11 பலருக்கு மனப்பாடம். உங்களைக் குறித்து நான் நினைக்கிற நினைவுகள் சமாதானத்துக்கான நினைவுகள் என்று தேவன் சொல்லும் வசனம். அதற்கு ஒரு வசனம் முன்னால் பாருங்கள்: பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வாசித்த பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப்போகும் நாளைக் காண உயிரோடு இருந்திருக்க முடியாது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊரின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று அந்தக் கடிதம் சொல்கிறது. வாக்குத்தத்தம் பொய்யில்லை. அடுத்த மாதத்துக்குள் என்று அதற்கு நாள் குறித்தது நாம்தான்.

அதற்காகப் பணம் பாவம் என்ற முடிவுக்கும் போய்விட வேண்டாம். ஆபிரகாம் செல்வந்தர். பிலிப்பி பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுலுக்குத் தன் வீட்டைத் திறந்துவிட்ட லீதியாள், இரத்தாம்பரம் என்கிற ஊதா நிறத் துணி விற்ற வியாபாரி. இயேசுவின் உடலை அடக்கம் செய்ய இடம் கொடுத்த அரிமத்தியா ஊர் யோசேப்பு ஐசுவரியவான். எல்லாத் தீமைக்கும் வேர் என்று பவுல் எழுதியது பண ஆசையைத்தான்.

பெரிய களஞ்சியமும் பெரிய ராஜாவும்

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதற்கு இயேசு ஒரு கதை சொன்னார். லூக்கா 12 இல் இருக்கிறது. ஒருவனுடைய நிலம் நன்றாய் விளைந்தது. வைக்க இடமில்லை. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாய்க் கட்டலாம் என்று முடிவு செய்தான். இதில் களவு இல்லை, லஞ்சம் இல்லை, யாரையும் ஏமாற்றவில்லை. இன்றைக்கு யாராவது இப்படித் திட்டமிட்டால் நல்ல நிர்வாகம் என்று பாராட்டுவோம். ஆனால் அவன் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள்: என் தானியம், என் பொருள், என் களஞ்சியம், கடைசியில் தன் ஆத்துமாவிடமே பேச்சு. அந்த வசனங்களில் வேறொரு மனிதன் இல்லை. நிலத்தைத் தந்தவரும் இல்லை. "மதிகேடனே" என்று தேவன் கூப்பிட்ட அந்த இராத்திரியே அவன் உயிர் போகிறது. சேர்த்து வைத்தது யாருடையதாகும் என்ற கேள்வி மட்டும் அங்கே நிற்கிறது. தனக்காகவே சேர்த்துவைத்து, தேவனிடத்தில் ஐசுவரியவானாய் இல்லாதவன் இப்படித்தான் என்று இயேசு முடித்தார்.

உசியா ராஜாவின் கதை இதைவிட வருத்தமானது, ஏனென்றால் அவன் நன்றாகவே தொடங்கினான். 16 வயதில் ராஜாவானான், 52 வருடம் எருசலேமில் ஆண்டான். கோபுரங்கள் கட்டினான், கிணறுகள் வெட்டினான், அம்புகளையும் கற்களையும் எறியும் இயந்திரங்களை மதிலின் மேல் நிறுத்தினான். விவசாயத்தின் மேல் அவனுக்குப் பிரியம் என்றுகூட எழுதியிருக்கிறது. அவன் கர்த்தரைத் தேடின நாட்களில் தேவன் அவன் காரியங்களை வாய்க்கச்செய்தார் என்கிறது இரண்டாம் நாளாகமம் 26. பத்துப் பதினோரு வசனம் தாண்டினால், அவன் பலப்பட்டபோது மனம் மேட்டிமையானது என்று இருக்கிறது. ஆசாரியர்கள் மட்டும் செய்ய வேண்டிய தூபங்காட்டும் வேலையை, தடுத்தவர்களையும் மீறித் தானே செய்யப் போனான். ஆலயத்துக்குள்ளேயே நெற்றியில் குஷ்டம் தோன்றியது. மரணமடையும் வரை தனி வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தான். இயந்திரங்கள் மதிலின் மேல் அப்படியேதான் இருந்திருக்கும்.

அளவுகோல் எது?

அப்படியென்றால் தேவன் எதை வைத்து அளக்கிறார்? இதற்கு மிக நேரான பதில் மத்தேயு 25 இல் இயேசு சொன்ன தாலந்து உவமை. தூர தேசத்துக்குப் போகும் எஜமான் தன் மூன்று ஊழியக்காரர்களிடம் 5, 2, 1 என்று தாலந்துகளைக் கொடுத்துவிட்டுப் போகிறான். சபையில் தாலந்து என்றால் பாடும் திறமை, பேசும் திறமை என்றே புரிந்துகொள்கிறோம். அன்று அது எடை. ஒரு தாலந்து வெள்ளி சுமார் 6000 தெனாரிக்குச் சமம், ஒரு தெனாரி ஒரு கூலியாளின் நாள் சம்பளம். ஆகவே ஒற்றைத் தாலந்து வாங்கியவன் கையில் இருந்தது ஏறத்தாழ 20 வருட உழைப்பின் கூலி. அவனைப் பரிதாபத்துக்குரியவனாக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எஜமான் திரும்பி வருகிறான். 5 தாலந்துக்காரன் இன்னும் 5 சம்பாதித்திருக்கிறான், 2 தாலந்துக்காரன் இன்னும் 2. இருவருக்கும் கிடைக்கும் பாராட்டை 21, 23 ஆம் வசனங்களில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: "நல்லது, உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே." ஒரே பாராட்டு. சிறிய தொகை கொண்டுவந்தவனுக்குக் கொஞ்சம் குறைத்துச் சொல்லவில்லை. இருவரையும் சேர்த்துப் பார்த்து யார் முதலிடம் என்று அறிவிக்கவும் இல்லை. அவரவர் கையில் கொடுத்ததற்கு அவரவர் உண்மையாய் இருந்தார்களா என்ற ஒரு கேள்விதான். தாலந்தைப் பிரித்துக் கொடுத்ததே "அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக" என்று தொடக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் வளர்ச்சியோடு நம்மை ஒப்பிட்டு நாம் எரிந்துபோகும் இரவுகளுக்கு இந்த இரண்டு வசனமும் மருந்து.

மூன்றாமவன் தாலந்தைக் குழி தோண்டிப் புதைத்தான். அவன் அதைத் திருடவில்லை, தொலைக்கவும் இல்லை. பயந்தேன் என்கிறான். எஜமானைக் கடினமுள்ளவன் என்று நம்பியதால் வந்த பயம் அது. ஆகவே உண்மையாய் இருப்பது என்றால் சும்மா இருப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

பவுல் இதே கருத்தை உக்கிராணக்காரன் என்ற சொல்லை வைத்துச் சொல்கிறார். உக்கிராணக்காரன் என்றால் அடுத்தவருடைய பொருளைப் பொறுப்பாய்ப் பார்த்துக்கொள்கிறவன். அவன் "உண்மையுள்ளவனென்று காணப்படுவது அவனுக்கு அவசியமாம்" என்கிறார். விளைச்சல் அவன் கையில் இல்லை. "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்." வில்லியம் கேரி என்ற ஆங்கிலேய மிஷனரி 1793 இல் வங்காளத்துக்கு வந்தார். அவருடைய ஊழியத்தில் முதல் வங்காளியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். அந்த ஏழு வருடத்தில் அவர் மொழி கற்றார், மொழிபெயர்த்தார், ஒரு மகனை அடக்கம் செய்தார். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் 1799 இல் அவரைத் திரும்பி வரச் சொல்லியிருப்பார்கள்.

ஊழியத்தில் இருப்பவர்களுக்கும் இந்த அளவுகோல்தான் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இயேசு அனுப்பிய எழுபது பேர் சந்தோஷமாய்த் திரும்பி வந்து, பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது என்றார்கள். அதற்காகச் சந்தோஷப்படாமல், உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றார் இயேசு. கூட்டம் பெருகுவதும் வெற்றிக்கு அடையாளம் ஆகிவிடாது.

சிலுவையில் வாய்த்தது

யாருடைய நோக்கம் வாய்க்கிறது என்று மேலே ஒரு கேள்வியை வைத்துவிட்டு வந்தேன். கிறிஸ்தவர்களுக்கு அதற்கான பதில் சிலுவையில் இருக்கிறது.

ஏசாயா 52 இன் முடிவிலும் 53 இலும் பாடுபடும் தாசனைப் பற்றிய பகுதி வருகிறது. கிறிஸ்தவர்கள் அதை இயேசுவைப் பற்றிய முன்னறிவிப்பாக வாசிக்கிறார்கள். பகுதியின் தொடக்கம்: "இதோ, என் தாசன் ஞானமாய் நடப்பார்." மூலத்தில் யோசுவாவுக்குச் சொன்ன அதே சாகல். முடிவுக்குச் சற்று முன்னால்: "கர்த்தருக்குச் சித்தமானது அவர் கையினால் வாய்க்கும்." அதே ட்சாலாக். யோசுவா 1:8 இல் ஒன்றாக நின்ற இரண்டு சொற்களும் இங்கே இரண்டு பக்கமும் நிற்கின்றன. நடுவில் இருப்பது என்ன? அசட்டைபண்ணப்பட்டவர், காயப்பட்டவர், அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படும் ஆட்டுக்குட்டியைப் போல வாயைத் திறவாதவர். வாய்த்தலின் முழு அர்த்தமும் அந்த நடுப்பகுதியில் இருக்கிறது. வாய்ப்பது கர்த்தருடைய சித்தம். அது வாய்க்கும் கையில் ஆணி அடித்த தழும்பு இருக்கிறது.

இயேசுவுக்கும் சுருக்கமான வழி காட்டப்பட்டது. உயர்ந்த மலையின் மேல் உலகத்தின் சகல ராஜ்யங்களையும் அவற்றின் மகிமையையும் காட்டி, என்னைப் பணிந்துகொண்டால் இவை எல்லாம் உனக்கு என்றது சோதனைக்காரனின் குரல். அவர் மறுத்துவிட்டார். யாக்கோபும் யோவானும் அவரிடம் வந்து, உமது மகிமையிலே உமது வலது பக்கத்தில் ஒருவனும் இடது பக்கத்தில் ஒருவனும் உட்கார வேண்டும் என்று கேட்டார்கள். நீங்கள் கேட்டுக்கொள்வது இன்னது என்று உங்களுக்குத் தெரியவில்லை என்றார். ஐந்து அதிகாரம் கழித்து மாற்கு எழுதுகிறார்: அவரோடே இரண்டு கள்ளரை, வலது பக்கத்தில் ஒருவனும் இடது பக்கத்தில் ஒருவனுமாகச் சிலுவையில் அறைந்தார்கள். இந்த இரண்டு இடத்தையும் சேர்த்து வாசித்த நாளிலிருந்து, உயர்ந்த இடம் கேட்டு ஜெபிக்கும்போதெல்லாம் என் வாய் கொஞ்சம் தயங்குகிறது.

பிடிபட்ட அதே இரவில், அதற்குச் சற்று முன்பு, இயேசு பிதாவிடம் ஜெபித்தார்: நான் செய்யும்படி நீர் எனக்கு நியமித்த கிரியையைச் செய்து முடித்தேன். அந்த நேரத்தில் குணமாகாத நோயாளிகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். சீஷர்கள் இன்னும் சில மணி நேரத்தில் ஓடிப்போகப் போகிறார்கள். அவர்களில் ஒருவனான யூதாஸ் ஏற்கெனவே அவரை விற்றுவிட்டான். அப்படியிருந்தும் "முடித்தேன்" என்று சொல்ல முடிந்தது, ஏனென்றால் அவர் கணக்குப் பார்த்தது தமக்கு நியமித்த கிரியையை வைத்து. செய்திருக்கக்கூடிய எல்லாவற்றையும் வைத்து இல்லை.

இதில் தொடக்கக்காரர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்று இருக்கிறது. இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறியபோது வானத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது: "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்." அந்தச் சமயம் வரைக்கும் அவர் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு அற்புதமும் செய்யவில்லை. பிரியம் முதலில் வந்தது, வேலை பிறகு வந்தது. கிருபை என்று கிறிஸ்தவர்கள் சொல்வது இதைத்தான். எபேசியருக்கு எழுதிய கடிதத்தில் கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்று சொன்ன பிறகுதான், நற்கிரியைகளைச் செய்ய சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று பவுல் எழுதுகிறார். உலகத்தில் ஜெயித்தால்தான் தோளில் தட்டிக்கொடுப்பார்கள். இங்கே தட்டிக்கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். இந்த வரிசை புரியாமல் உண்மையாய் இருக்க முயன்றால், அதுவும் இன்னொரு பரீட்சையாகி நம்மை நசுக்கிவிடும்.

ஒரே விசுவாசம், இரண்டு முடிவு

எபிரெயர் 11 ஆம் அதிகாரத்தை விசுவாச வீரர்களின் பட்டியல் என்பார்கள். 34 ஆம் வசனத்தில் சிலர் பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள். 37 ஆம் வசனத்தில் சிலர் பட்டயத்தினாலே வெட்டப்பட்டு மரித்தார்கள். இடையில் இரண்டே வசனம். முதல் கூட்டத்துக்கு விசுவாசம் அதிகம், இரண்டாம் கூட்டத்துக்குக் குறைவு என்று ஒரு சொல்லும் இல்லை. சொல்லப்போனால், உலகம் அவர்களுக்குப் பாத்திரமாயிருக்கவில்லை என்ற பெரிய பாராட்டு இரண்டாம் கூட்டத்தின் பக்கம்தான் எழுதியிருக்கிறது.

வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்குக் கடிதம் போகிறது. லவோதிக்கேயா சபை தன்னை ஐசுவரியவான் என்றும், ஒரு குறைவும் இல்லை என்றும் சொல்லிக்கொள்கிறது. கடிதம் அதைத் தரித்திரன், குருடன், நிர்வாணி என்கிறது. சிமிர்னா சபையின் தரித்திரத்தை அறிந்திருக்கிறேன் என்று சொல்லி, "ஆனாலும் நீ ஐசுவரியமுள்ளவனாயிருக்கிறாய்" என்கிறது. ஏழில் கண்டிப்பு வாங்காத சபைகள் இரண்டு. ஒன்று இந்த ஏழைச் சிமிர்னா. மற்றது பிலதெல்பியா, அதற்கும் "கொஞ்சம் பெலன்" மட்டுமே இருந்தது. ஜெயங்கொள்ளுகிறவன் என்ற சொல் ஏழு கடிதத்திலும் வருகிறது. சிமிர்னாவில் அதன் அர்த்தம் மரணபரியந்தம் உண்மையாயிருப்பது.

அப்படியானால் நான் நன்றாகப் படிக்க வேண்டாமா, பதவி உயர்வுக்கு முயற்சி செய்யக்கூடாதா, வியாபாரத்தைப் பெருக்கக்கூடாதா? தாராளமாகச் செய்யலாம். "எதைச் செய்தாலும்... கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்று கொலோசெயர் 3 சொல்கிறது, அதுவும் அடிமைகளாய் இருந்தவர்களைப் பார்த்து. யாரும் பாராட்டாத வேலையையும் அரைகுறையாய்ச் செய்யாதவன்தான் கிறிஸ்தவத் தொழிலாளி. போத்திபார் வீட்டுக் கணக்கை யோசேப்பு அப்படித்தான் பார்த்திருப்பான். முயற்சி செய்யுங்கள். கிடைத்தால் யாருக்குப் பயன்படப்போகிறது என்று முன்பே யோசித்து வையுங்கள். கிடைப்பதற்காக எதை விற்க மாட்டீர்கள் என்றும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவசரத்தில் அதைத் தீர்மானிக்க முடியாது. தன்னைத் தவறான ஆசைக்கு அழைத்த போத்திபாரின் மனைவிக்கு யோசேப்பு மறுத்துச் சொன்ன பதில் அவன் வாயில் தயாராய் இருந்தது. அந்தப் பதிலுக்காக அவன் சிறைக்குப் போனான் என்பதையும் மறக்க வேண்டாம்.

எரேமியாவின் சுருளை எழுதிய பாருக்குக்கும் சோர்வு வந்தது. அவனுக்காக மட்டும் எழுதிய ஒரு சின்ன அதிகாரம் உண்டு, எரேமியா 45, மொத்தம் ஐந்தே வசனம். "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்கிறார் தேவன். அதே மூச்சில், நீ போகிற எல்லா இடத்திலும் உன் பிராணனை உனக்குத் தருவேன் என்கிறார். எரிக்கப்பட்ட சுருளை மறுபடி முதலிலிருந்து எழுதியவன் அவன்தான்.

பவுலின் கடைசிக் கடிதமாகக் கருதப்படுவது தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம். சிறையிலிருந்து எழுதுகிறார். "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்" என்ற புகழ்பெற்ற வசனம் அங்கேதான் இருக்கிறது. கல்லறைகளிலும் நினைவு மலர்களிலும் அதை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள். அதற்குக் கீழே உள்ளதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தேமா என்னைவிட்டுப் பிரிந்துபோனான். லூக்கா மாத்திரம் என்னோடே இருக்கிறான். நான் முதலில் வழக்காடினபோது ஒருவரும் என்னோடு இருக்கவில்லை, எல்லாரும் என்னைக் கைவிட்டார்கள், அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக. கர்த்தரோ எனக்குத் துணையாக நின்றார். துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் வைத்துவிட்டு வந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, புஸ்தகங்களையும் கொண்டுவா, தோற்சுருள்களை மறந்துவிடாதே. குளிர்காலம் தொடங்குவதற்கு முன் வந்து சேர்.